விசில் கேட்ட பிறகே விற்பனைக்கு

கண்டக்டர் சாப்பாட்டைப் பற்றி வாழ்நாளில் சொன்ன ஒரே வார்த்தை "ம்". அதை வார்த்தைக் கணக்கில் சேர்க்காதவர்களும் உண்டு. அவருடைய மனைவி சேர்த்திருந்தாள்.

பஸ்ஸில் நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்திய மனிதர், தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் மெல்லுவதற்கு மட்டும்தான் வாயைத் திறப்பார். அதற்குக் காரணம் அவருடைய அப்பா. அந்த மகானுபாவர் ஒரு வேளைச் சோற்றையும் குற்றம் சொல்லாமல் இறக்கியதில்லை. அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு மூக்கை உறிஞ்சுவாள். பார்த்துப் பார்த்து வளர்ந்த பையன், கல்யாணம் ஆன அன்றே முடிவு கட்டிவிட்டார்: என் வீட்டில் அந்தப் பேச்சே கூடாது. நல்ல முடிவுதான். என்ன, கெட்டதை நிறுத்தும்போது நல்லதையும் சேர்த்து நிறுத்திவிட்டார்.

அவர் ஓய்வு பெற்று வீட்டோடு வந்த பிறகுதான் அவள் பிஸ்கட் சுட்டு விற்க ஆரம்பித்தாள். இஞ்சி பிஸ்கட், எலுமிச்சை பிஸ்கட், இரண்டே வகை. அதுவரை தெருவில் அவளுக்குப் பெயர் "கண்டக்டர் சம்சாரம்". மூன்றே மாதத்தில் "பிஸ்கட்டம்மா" ஆகிவிட்டாள். அந்தப் பெயர் அவளுக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்றால், யாராவது வாசலில் நின்று கூப்பிட்டால் முதல் தடவை காது கேட்காதவள் போல இருந்து, இரண்டாம் தடவையும் கூப்பிட வைப்பாள். கண்டக்டர் "பிஸ்கட்டம்மா வீட்டுக்காரர்" ஆனார். அவருக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை.

அப்புறம் ஒரு காய்ச்சல் வந்தது. எல்லோருக்கும் வருகிற காய்ச்சல்தான். வந்தது, போனது. போகும்போது பிஸ்கட்டம்மாவின் மோப்பத்தையும் ருசியையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. இஞ்சியை மூக்கில் வைத்துத் தேய்த்தாலும் மண்ணாங்கட்டிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, "வரும்போது வரும்" என்றார். இதைச் சொல்வதற்கு ஏழு வருடம் படிக்க வேண்டியிருக்கிறது.

"யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க" என்று புருஷனிடம் சொன்னாள். "மூக்கு செத்த பொம்பளை சுட்ட பிஸ்கட்டை எவ வாங்குவா?"

"ம்" என்றார் கண்டக்டர்.

அன்றிலிருந்து அவர் அவளுக்கு நாக்கு ஆனார். தட்டு முழுக்க அடுக்கி ஓவனில் தள்ளுவதற்கு முன்னால் ஒரே ஒரு பிஸ்கட்டை வெள்ளோட்டமாகச் சுட்டு அவரிடம் நீட்டுவாள். அவர் மென்றுவிட்டு "ம்" என்பார். தட்டு உள்ளே போகும்.

எதிர்வீட்டுத் தையல்காரி ஒரு நாள் வந்து நிலைப்படியிலேயே நின்றாள். முதல் நாள் மகள் பிறந்தநாளுக்கு ஒரு டப்பா வாங்கிப் போனவள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. பிஸ்கட்டுல உப்பு கொஞ்சம் தூக்கலா இருந்துச்சு."

"கொஞ்சமா?"

"பசங்க துப்பிட்டாங்க அக்கா."

நடுவில் போன் வந்துவிட்டது, கை தவறிவிட்டது என்று ஏதோ சொல்லி அவளை அனுப்பிவிட்டு, பிஸ்கட்டம்மா கூடத்துக்குத் திரும்பினாள். கண்டக்டர் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார்.

"நேத்து நீங்க தின்னீங்களே?"

"ம்."

"உப்பு தெரியலையா உங்களுக்கு?"

செய்தித்தாள் இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது.

"தெரிஞ்சேதான் 'ம்'னீங்களா?" அவள் குரல் உயரவில்லை. "அப்போ இத்தனை வருஷமா சொன்ன 'ம்' எல்லாம்? நான் அதை நம்பித்தானே ஒவ்வொரு நாளும் அடுப்பைப் பத்த வச்சேன்? அதுல எது நிஜம், எது பொய்?"

கண்டக்டருக்குப் பதில் தெரியும். வாய்தான் வரவில்லை. வாயைத் திறந்தால் அப்பாவின் குரல் வந்துவிடுமோ என்று அந்த வயதிலும் அவருக்குப் பயம் இருந்தது. பயந்து உட்கார்ந்திருந்தவர் அவளுக்குப் பொய் சொல்லி மாட்டிக்கொண்டவராகத்தான் தெரிந்தார். அவள் போய் ஓவனின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டாள்.

ஓவன் பழைய துணி வைக்கும் அலமாரியாக மாற ஆரம்பித்தது. யாராவது வாசலில் "பிஸ்கட்டம்மா" என்று கூப்பிட்டால் இரண்டாம் தடவைக்கும் அவள் போகவில்லை. கண்டக்டருக்கு அது பொறுக்கவில்லை.

ஒரு காலையில் டீ கொண்டுவந்து வைத்தாள். அவர் ஒரு வாய் குடித்தார். கோப்பையைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து வாயில் வைத்தார். கூடமே அதிரும்படி ஒரு விசில் அடித்தார்.

தையல்காரி எதிர்வீட்டு ஜன்னலைத் திறந்து பார்த்தாள். பிஸ்கட்டம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "என்னங்க இது, கூத்து?" என்றாள்.

கண்டக்டர் கோப்பையைச் சுட்டிக்காட்டினார். அவள் கோப்பையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், சர்க்கரை டப்பாவை அன்று காலை திறக்கவே இல்லை என்பது ஞாபகம் வந்தது. சர்க்கரை போட்டுக் கலக்கிக் கொடுத்தாள். அவர் குடித்தார். இரண்டு விசில் அடித்தார்.

ஒரு விசில், நிறுத்து. இரண்டு விசில், போகலாம். பஸ்ஸில் ஏறிய யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வாயால் சொல்ல முடியாத மனிதருக்கு விசிலால் சொல்ல முடிந்தது. பணியில் இருந்த காலம் முழுக்க அவர் ஒரு தடவைகூடப் பொய் விசில் அடித்ததில்லை. அடித்தால் ஆள் விழுந்து செத்துப்போவான். பிஸ்கட்டம்மா அன்றே ஓவனிலிருந்த துணியை எல்லாம் வாரி வெளியே போட்டாள்.

தொழில் மறுபடி ஓட ஆரம்பித்தது. ஒரு விசில் கேட்ட நாளில் மாவு குப்பைக்குப் போகும், இரண்டு கேட்ட நாளில் தட்டு உள்ளே போகும். தெருவில் இருப்பவர்கள் இரண்டு விசில் கேட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு பிஸ்கட் வாங்கக் கிளம்பிவிடுவார்கள். எதற்காக விசில் என்று கேட்டவர்களிடம், "பழக்கம் போகலை" என்று சொல்லி வைத்தாள். எல்லோரும் நம்பினார்கள். ரிட்டயர் ஆன ஆண்களைப் பற்றி எதைச் சொன்னாலும் ஊர் நம்பும்.

இந்த நிலையில்தான் அந்தப் புத்தகம் வந்து சேர்ந்தது. வீட்டுச் சமையலறையில் உணவு தயாரித்து விற்பவர்கள் எல்லோரும் இனிமேல் பதிவு செய்துகொள்ள வேண்டும், அதிகாரி நேரில் வந்து பார்ப்பார், பார்த்து ஒப்புதல் கொடுத்தால்தான் விற்கலாம். தையல்காரி எங்கிருந்தோ விதிப் புத்தகத்தை வாங்கிவந்து கொடுத்தாள். கண்டக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை ஆசையாகப் படித்தார். ஓய்வு பெற்ற பிறகு அவரை யாரும் எந்த விதியாலும் கட்டிப்போடவில்லை. அது அவருக்கு ஒரு குறையாகவே இருந்திருக்கிறது.

ஜன்னலுக்குக் கொசுவலை. அடித்தார். தலைக்குத் துணி. வாங்கினார். விற்பனைக்குச் சமைக்கும் நேரத்தில் வீட்டுக்குச் சமைக்கக் கூடாது. காலை டீயைத் தியாகம் செய்தார். பதிவு செய்தவரைத் தவிர வேறு யாரும் அந்நேரம் சமையலறைக்குள் நுழையக் கூடாது. சமையலறை வாசலில் சிவப்பு நாடா ஒட்டி, அதற்கு இந்தப் பக்கம் தனக்கு ஒரு நாற்காலி போட்டுக்கொண்டார். வெள்ளோட்டப் பிஸ்கட் ஒரு சின்னத் தட்டில் நாடாவைத் தாண்டி வரும். காலித் தட்டு அந்த வழியே திரும்பிப் போகக் கூடாது. அவர் அதை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பின்பக்கக் குழாய்க்குப் போய்க் கழுவி வைத்துவிட்டு, மறுபடி சுற்றி வந்து நாற்காலியில் உட்காருவார்.

வளர்ப்புப் பிராணி கூடாது என்றது இன்னொரு விதி. வீட்டுக்கு ஒரு பூனை வந்து போய்க்கொண்டிருந்தது. பஸ்ஸில் ஏறும் டிக்கெட் பரிசோதகர் மாதிரி சொல்லாமல் கொள்ளாமல் வந்து எல்லாவற்றையும் மோந்து பார்த்துவிட்டுப் போவதால் கண்டக்டர் அதற்குச் "செக்கிங்" என்று பெயர் வைத்திருந்தார். கொசுவலை அடித்த நாளிலிருந்து செக்கிங் வெளியே உட்கார்ந்து வலையை முறைத்துக்கொண்டிருந்தது.

"எல்லாம் சரி. இங்க பாருங்க" என்று பிஸ்கட்டம்மா ஒரு வரியில் விரலை வைத்தாள். "'தயாரிப்பவர் நோயற்றவராக இருக்க வேண்டும்.' என் மூக்கு நோயா?"

"காய்ச்சல் நோய். அது போயிடுச்சு."

"மூக்கும் சேர்ந்து போயிடுச்சே."

"போனது எப்படி நோயாகும்?"

அதிகாரி கேட்டால் ஒழியச் சொல்வதில்லை என்று முடிவாயிற்று. ஆனால் அன்றிலிருந்து அவளுக்கு ஒழுங்காகத் தூக்கமில்லை. ஒப்புதல் கிடைக்காவிட்டால் தெருவுக்குக் காரணம் தெரிந்துவிடும், மறுபடி கண்டக்டர் சம்சாரம் ஆகிவிடுவோம் என்பதே அவளுக்கு ஓயாத நினைப்பு.

கடைசி விதி, பொருள்களை மூடி போட்ட டப்பாக்களில் வைத்துப் பெயர் எழுதி ஒட்ட வேண்டும் என்பது. கண்டக்டர் ஒரே மாதிரி டப்பாக்கள் வாங்கி வந்தார். முத்து முத்தான கையெழுத்தில் மைதா, சர்க்கரைத் தூள், உப்பு, சமையல் சோடா என்று எழுதி ஒட்டினார். மேலேயிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று மூடியில் ஒட்டினார்.

அதிகாரி வருவதற்கு முன்னால் பிஸ்கட்டம்மா எல்லா மூடிகளையும் கழற்றி ஈரத் துணியால் துடைத்து, மறுபடி மாட்டினாள்.

அதிகாரி நடுத்தர வயதுப் பெண். தட்டையான செருப்பை வாசலில் விட்டுவிட்டு, தன் பையிலிருந்து வேறொரு ஜோடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். தண்ணீர் கொடுத்ததற்குத் தலையாட்டி மறுத்தார்.

"பாக்கப் போற வீட்டுல எதுவும் வாயில வைக்கக் கூடாது. எங்களுக்கும் விதி இருக்கு."

"ஒரு வாய் தண்ணிகூடவா மேடம்?" என்றார் கண்டக்டர். தாகத்தைவிட விதியைப் பெரிதாக நினைக்கும் ஆளைப் பார்த்ததில் அவருக்கு உள்ளூர மரியாதை பொங்கியது.

அதிகாரி ஃபிரிட்ஜின் தலையில் விரலை ஓட்டிப் பார்த்தார். குப்பைக் கூடைக்கு மூடி இருக்கிறதா என்று பார்த்தார். வலைக்கு வெளியே முறைத்துக்கொண்டிருந்த பூனையைப் பார்த்தார்.

"இது யாரோடது?"

"யாரோடதும் இல்லை மேடம். செக்கிங்."

"என்ன?"

"பேரு."

அதிகாரி அவரைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "செஞ்சு காட்டுங்கம்மா" என்று உள்ளே திரும்பினார். அவருக்கு மட்டும் உள்ளே நிற்க விதியில் இடமிருந்தது. கண்டக்டர் நாடாவுக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

பிஸ்கட்டம்மாவின் கை வேலையில் பிசகவில்லை. வெண்ணெய் போட்டாள். சர்க்கரைத் தூள் என்று மூடி சொன்ன டப்பாவைத் திறந்து அளந்து போட்டாள். எலுமிச்சைத் தோலைத் துருவினாள். பிசைந்தாள், ஒன்றை மட்டும் தட்டி ஓவனில் வைத்தாள். வெந்ததும் ஆறவிட்டுச் சின்னத் தட்டில் வைத்து நாடாவைத் தாண்டி நீட்டினாள். அதிகாரியின் பார்வை தட்டோடு சேர்ந்து நகர்ந்து வந்தது.

கண்டக்டர் கடித்தார்.

சமுத்திரத்தை அப்படியே வெட்டி எடுத்துச் சுட்டு வைத்தது போல இருந்தது. மூடி மாறியிருக்கிறது என்று அவருக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. மூடியில் ஒட்டியது யார் என்பதும் புரிந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. அவர் மென்றார். வேறு வழியில்லை, மென்றுகொண்டே யோசித்தார்.

இரண்டு விசில் அடித்தால் தீர்ந்தது. அதிகாரி வாயில் வைக்கமாட்டார். பார்வைக்குப் பிஸ்கட் தங்கம் மாதிரி இருந்தது. ஒப்புதல் கிடைத்துவிடும், அவர் போன பிறகு மாவைக் கொட்டிவிட்டு நடந்ததைச் சொல்லிக்கொள்ளலாம். ஒரு விசில் அடித்தாலோ, ஏன் நிறுத்தினீர்கள் என்ற கேள்வி வரும், நீங்களே ஏன் ருசி பார்க்கவில்லை என்ற கேள்வி வரும், மூக்கு வெளியே வரும். எல்லாம் சந்தி சிரித்துவிடும். இவ்வளவு நியாயமும் இரண்டு விசிலின் பக்கம்தான் இருந்தது.

அவள் நாடாவுக்கு அந்தப் பக்கம் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதிகாரியைப் பார்க்கவில்லை. தட்டு முழுக்கப் பிஸ்கட் அடுக்கிக் கையில் பிடித்திருந்தாள்.

கண்டக்டர் விசிலை எடுத்து ஒரு தடவை அடித்தார்.

பிஸ்கட்டம்மாவின் முகம் வெளுத்தது. தட்டில் அடுக்கியிருந்ததையும் மிச்ச மாவையும் மூடியுள்ள குப்பைக் கூடையில் கவிழ்த்தாள். கூடையை மூடினாள்.

"என்னம்மா இது?" என்றார் அதிகாரி.

"நல்லா இல்லையாம் மேடம்."

"அவர் ஒண்ணும் சொல்லலையே?"

"விசில் அடிச்சாரே."

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க ஏன் தின்னு பார்க்கலை?"

பிஸ்கட்டம்மா புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தலைத் துணியைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்: "எனக்கு மூக்கும் நாக்கும் போச்சு மேடம். காய்ச்சல்ல போனது. அவர்தான் தின்னு பார்க்கிறார். வாயால சொல்ல வராது, அதனால விசில். தெருவுல யாருக்கும் தெரியாது."

அதிகாரி பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தார். முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். அவர் புரட்டி முடிப்பதற்குள் கண்டக்டர் தன் விசிலைத் தானே நூறு தடவை திட்டிவிட்டார்.

"இருமல் இருக்கா?"

"இல்லை மேடம்."

"தோல் வியாதி? கையில புண்ணு?"

"இல்லை."

"அப்போ நோயில வராது. சமைக்கிறவங்களுக்கு ருசி தெரியணும்னு எந்த விதியும் இல்லை." புத்தகத்தை மூடினார். "அப்படி ஒண்ணு இருந்தா பாதி ஹோட்டலை மூட வேண்டியிருக்கும். சரி, பிஸ்கட்டுல என்ன குறை?"

கேள்வி கண்டக்டருக்கு. அவர் எழுந்து நின்றார். பரிசோதகர் முன்னால் எப்போதும் எழுந்து நின்றே பழக்கம். "உப்பு டப்பா மாறியிருக்கு மேடம். நான் மூடியில எழுதி ஒட்டினேன். மூடி இடம் மாறிடுச்சு. தப்பு என்னோடது."

"மூடியில எழுதக் கூடாது. டப்பாவுல எழுதணும்" என்றார் அதிகாரி. அன்று முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "இப்பவே மாத்துங்க."

எந்த டப்பாவில் எது என்று யார் சொல்வது? பிஸ்கட்டம்மாவின் நாக்குக்குத் தெரியாது. அதிகாரி வாயில் வைக்கக் கூடாது. கண்டக்டர் உள்ளே வரக் கூடாது. விதி தெரிந்த மூன்று பேர் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார்கள். கடைசியில் அதிகாரியே ஒரு தட்டைக் காட்டினார். ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் ஒரு சிட்டிகை நாடாவைத் தாண்டி வந்தது.

"இது சர்க்கரையா?" என்பாள் பிஸ்கட்டம்மா. ஒரு விசில். "இது?" ஒரு விசில், கூடவே முகச் சுளிப்பு. சமையல் சோடா. "இது?" இரண்டு விசில்.

தெருவில் தையல்காரி வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிஸ்கட் தயார் என்று நினைத்துக்கொண்டு இரண்டு மூன்று பேர் வாசலில் வந்து நின்றார்கள். அதிகாரி எட்டிப் பார்த்து, "விசில் கேட்டா வந்துடுவாங்களா?" என்றார்.

"ரெண்டு கேட்டா வருவாங்க மேடம்."

இரண்டாவது மாவு பிசைந்து, வெள்ளோட்டம் விட்டு, நியாயமான இரண்டு விசில் கேட்டு, முழுத் தட்டும் வெந்து இறங்கிய பிறகு அதிகாரி ஒப்புதலில் கையெழுத்துப் போட்டார். போடுவதற்கு முன் நாடாவைத் தாண்டி வந்து விசிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது வாயில வைக்கிற பொருள். பாத்திரம் மாதிரிதான். ஒவ்வொரு நாளும் வெந்நீர்ல போட்டுக் கழுவணும். சமையலறைக்கு வெளியில மாட்டணும்." செருப்பை மாற்றிக்கொண்டு கிளம்பியவர், நிலைப்படியில் நின்று திரும்பினார். "சார், நீங்க ரெண்டு விசில் அடிச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"அவளுக்குத் தெரிஞ்சிருக்கும் மேடம்" என்றார் கண்டக்டர்.

வாசலில் நின்றவர்களுக்குப் பிஸ்கட் கொடுக்கும்போது பிஸ்கட்டம்மா மூக்கு விஷயத்தைத் தானே சொல்லிவிட்டாள். தையல்காரி, "அதான் அன்னைக்கு உப்பா?" என்று கேட்டுவிட்டு, எப்போதும் வாங்குவதைவிட ஒரு டப்பா கூடுதலாக வாங்கிப் போனாள்.

மதியம் அடுப்பு வீட்டுச் சமையலுக்குத் திரும்பியது. சோறும் பருப்பும் வைத்தாள். இருவரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். கண்டக்டர் பிசைந்து ஒரு வாய் வைத்தார். அவள் சாப்பிடாமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்த் தடவியது.

"வெந்நீர்ல கிடக்கு" என்றாள். "மேடம் சொன்னது."

கண்டக்டர் விழுங்கினார். "ம்" தொண்டைவரை வந்துவிட்டது. அதை உள்ளே தள்ளினார்.

"உப்பு பத்தலை" என்றார்.

சொல்லிவிட்டு அவர் அடுப்படிப் பக்கம் பார்த்தார், யாரோ அங்கே திரும்பி நிற்கப்போகிறார்கள் என்பது போல. யாரும் நிற்கவில்லை. பிஸ்கட்டம்மா எழுந்து போய் உப்பு டப்பாவைக் கொண்டுவந்து அவர் தட்டில் ஒரு சிட்டிகை தூவினாள். டப்பாவிலேயே உப்பு என்று எழுதியிருந்தது.

"அப்போ அந்த 'ம்' எல்லாம்?" என்றாள். கோபமாக இல்லை. "எவ்வளவு நிஜம்?"

"பாதி."

"எந்தப் பாதி?"

"பிஸ்கட் எல்லாமே நிஜம். அந்த ஒரு நாளைத் தவிர."

"சாப்பாடு?"

கண்டக்டர் யோசித்தார். கல்யாணமான புதிதில் கருகிய பருப்பிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவள் முதலில் முறைத்தாள், அப்புறம் சிரித்தாள், சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நல்லதையும் சொன்னார். எந்த மழைக்கு எந்தச் சூப், எந்த நாளில் எந்தச் சோறு என்று ஒன்றையும் அவர் மறந்திருக்கவில்லை. அது அவளுக்கு இத்தனை வருடமாகத் தெரியாது. சோறு ஆறிப்போனது.

பிறகு அவள் தன் தட்டை இழுத்துக்கொண்டு, உப்பு டப்பாவைத் திறந்து, தன் பருப்பிலும் ஒரு சிட்டிகை போட்டுப் பிசைந்தாள்.

"உனக்குத்தான் ருசி தெரியாதே" என்றார் கண்டக்டர். "உனக்கெதுக்கு?"

"நீங்கதானே பத்தலைன்னீங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள்.